விரல் நம்முடையது, விரல்வரி யாருடையது?

ஒருவனுடைய வீட்டுத் திறவுகோல் களவு போனால் அவன் பூட்டை மாற்றிக் கொள்வான். வைப்பகக் கணக்கின் எண் வெளிப்பட்டுவிட்டால் வேறோர் எண் வாங்கிக் கொள்வான். மறைச்சொல்லைப் பிறர் அறிந்துவிட்டால் புதியதொன்றை அமைத்துக் கொள்வான். ஆனால் அவனுடைய விரல்வரி களவு போனால் அவன் என் செய்வான்? புதிய விரல் வாங்குவானா? கண்ணின் உள்திரைப் பதிவு பிறன் கைக்குப் போய்விட்டால் வேறு கண் வைத்துக் கொள்வானா? வாழ்நாள் முழுதும் மாறாதது எதுவோ, அதுவே ஒருமுறை பறிபோனால் மீட்கவியலாததும் ஆகும். இவ்வெளிய உண்மையை உணர்வதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. தன் உடல் தன்னுடையது என்னும் மானவுணர்வு ஒன்றே போதும்.

ஆங்கிலத்தில் பயோமெட்ரிக் என்று கூறப்பெறும் இவ்வடையாளங்களை நாம் மெய்யடையாளங்கள் என்போம். விரல்வரி, கைவடிவம், முக அமைப்பின் அளவு, குரல், கண்ணின் உள்திரை ஆகியவை அதனுள் அடங்கும். தமிழில் மெய் என்பது உடலுக்கும் பெயர், உண்மைக்கும் பெயர். உடலே உண்மைக்குச் சான்றாய் நிற்கும் ஓர் அடையாளத்திற்கு இதனினும் பொருந்திய சொல் பிற மொழிகளில் கிடைத்தல் அரிது. ஆனால் அச்சான்றை யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், பெற்றதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பவையே இன்று நாம் எழுப்ப வேண்டிய வினாக்கள்.

இவ்வழக்கம் வேர்கொண்ட இடத்தையே முதலில் எண்ணிப் பாருங்கள். 1858 ஆம் ஆண்டில், வங்காளத்தில் ஆங்கில ஆட்சியின் அலுவலனாக இருந்த வில்லியம் எர்செல் என்பான், சாலைப் பணிக்குக் கல் தர ஒப்பிய உள்நாட்டான் ஒருவனின் கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின்மேல் பதிய வைத்தான். பின்னாளில் அவன் 'இது என் ஒப்பம் அன்று' என மறுத்துவிடக் கூடாதே என்னும் ஐயமே அதற்குக் கரணியம். 1897 இல் கல்கத்தாவில் விரல்வரிப் பணியகம் ஒன்றே அமைந்துவிட்டது. அங்கு அசிசுல் அக், ஏமச்சந்திர போசு என்னும் இருவரும் உழைத்து வகுத்த பகுப்புமுறை, அவர்தம் மேலதிகாரியான எட்வர்டு என்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கிற்று. ஆள்பவன் ஆளப்படுபவன்மேல் கொண்ட நம்பாமையே மெய்யடையாளப் பதிவின் தாய் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. நம்பாதவன் கேட்கிறான், நம்பப்படாதவன் கொடுக்கிறான். அன்று கேட்டவன் ஆட்சியாளன். இன்று கேட்பவன் வணிகன். வேற்றுமை அவ்வளவே!

இவ்வணிகனுக்கு வலிவான கடிவாளம் இட்டது எந்தப் பேரரசும் அன்று. அமெரிக்க ஒன்றியத்தின் உறுப்பு மாநிலங்களுள் ஒன்றாகிய இல்லினாய்சே என்பதை நம்மவர் பலர் அறியார். அங்கு நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைப்போம்.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், விரலைப் பதிந்து பொருள் வாங்கும் புதுமுறையை ஆய்ந்து பார்க்கும் களமாகச் சிக்காகோ உள்ளிட்ட நகரங்களைப் பெருநிறுவனங்கள் தேர்ந்து கொண்டன. மளிகைக் கடை, எரிநெய் நிலையம், பள்ளி உணவகம் என்று பல இடங்களிலும் விரல் பதியும் பொறிகள் முளைத்தன. பணப்பை வேண்டா, அட்டை வேண்டா, விரல் ஒன்று போதும் என்று ஆசை காட்டினர். மக்களும் விரலை நீட்டினர். அவ்வகையில் முன்னணியில் நின்ற 'பே பை டச்' என்னும் நிறுவனம் 2007 ஆம் ஆண்டின் இறுதியில் கடனில் மூழ்கி நொடித்துப் போயிற்று. நொடித்த நிறுவனத்தின் உடைமைகளை ஏலத்தில் விற்பது முறை. மேசை, நாற்காலி, கணினி ஆகியவற்றோடு மக்களின் விரல்வரிகளும் உடைமைக் கணக்கில் சேருமா? அவற்றையும் ஏலத்தில் எடுத்துக் கொள்ளலாமா? இவ்வச்சந்தான் இல்லினாய்சு மக்களவையினரை எழுப்பி விட்டது. 2008 ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் 'மெய்யடையாளச் செய்தித் தனியுரிமைச் சட்டம்' நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் கூறுவனவற்றைக் கேளுங்கள். எந்தத் தனியார் நிறுவனமும் ஒருவருடைய மெய்யடையாளத்தைப் பெறுமுன், அதைப் பெறுவதாகவும், எதற்காகப் பெறுகிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதையும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அதற்கு அவருடைய இசைவை எழுத்தில் பெறுதல் வேண்டும். பெற்ற நோக்கம் நிறைவேறியவுடனோ, அவர் அந்நிறுவனத்தோடு கடைசியாகத் தொடர்பு கொண்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள்ளோ, இவற்றுள் எது முந்தியதோ அதற்குள் அப்பதிவை அழித்துவிட வேண்டும். அழிக்கும் ஒழுங்கை ஊரறிய வெளியிட வேண்டும். அவர் இசைவின்றிப் பிறர்க்கு அதைத் தருதல் கூடாது. விற்றலோ, குத்தகைக்கு விடுதலோ, அதைக்கொண்டு ஊதியம் ஈட்டுதலோ அறவே கூடாது. இசைவு பெற்றிருந்தாலும் கூடாது! மனிதனின் மெய் விலைப்பொருள் அன்று என்னும் அறத்தை இதனினும் தெளிவாக ஒரு சட்டம் கூறிவிட முடியுமா?

எனினும் இச்சட்டத்தின் உயிர் இவ்விதிகளில் இல்லை. அதன் 20 ஆம் பிரிவில்தான் இருக்கிறது. நல்ல விதிகளை எழுதி நிலைப்பேழையில் பூட்டி வைப்பது எந்த அரசுக்கும் எளிது. இல்லினாய்சு அவ்வாறு செய்யவில்லை. உரிமை மீறப்பட்டவர் எவராயினும் தாமே முறைமன்றம் ஏறலாம் என்றது. கவனக்குறைவால் நேர்ந்த ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 தாலர். வேண்டுமென்றோ, பொருட்படுத்தாமலோ செய்த மீறலுக்கு 5,000 தாலர். உண்மை இழப்பு அதனினும் மிகுதியாயின் அவ்விழப்பு முழுதும். அதன்மேல் வழக்குச் செலவு. எந்த அலுவலனின் கதவையும் தட்ட வேண்டா. எந்த அமைச்சரின் இரக்கத்தையும் எதிர்நோக்க வேண்டா. மீறப்பட்டவனின் கையிலேயே வாள் கொடுக்கப்பட்டது.

இவ்வாள் இல்லாத சட்டம் எவ்வாறு கிடந்து உறங்கும் என்பதற்குப் பக்கத்து எடுத்துக்காட்டே உள்ளது. தெக்சாசு மாநிலத்திலும் மெய்யடையாளச் சட்டம் உண்டு. அது 2009 முதல் இன்றைய வடிவில் இருக்கிறது. ஒரு மீறலுக்கு 25,000 தாலர் வரை ஒறுப்பு என்று அச்சட்டம் உறுமுகிறது. ஆனால் வழக்குத் தொடுக்கும் உரிமை மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒருவர்க்கே! விளைவு என்ன? 2022 ஆம் ஆண்டில் மெட்டா நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்கப்படும் வரை அச்சட்டத்தின்கீழ் அம்மாநிலம் ஒரு வழக்கும் தொடுக்கவில்லை. 2024 சூலையில் அந்நிறுவனம் 140 கோடி தாலர் தர ஒப்பியது மெய்யே. ஆயின் அத்தொகை அரசின் கருவூலத்திற்குரியது. முகத்தைக் கொடுத்தவன் ஒருவன். பணத்தைப் பெற்றவன் மற்றொருவன்! வாசிங்டன் மாநிலம் 2017 இல் இயற்றிய மெய்யடையாளச் சட்டமும் தனி மாந்தனை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்த சட்டமே.

இனி, இல்லினாய்சு மக்கள் தம் வாளைப் பயன்படுத்திய வகையைப் பார்ப்போம். 2014 ஆம் ஆண்டில் 14 அகவைச் சிறுவன் ஒருவன் பள்ளிச் சுற்றுலாவாகக் கர்னி என்னும் ஊரில் 'சிக்சு பிளாகு' நிறுவனத்தின் பொழுதுபோக்குப் பூங்காவிற்குச் சென்றான். அவன் தாய் அவனுக்கு முன்னரே பருவச் சீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். பூங்காவினர் சிறுவனின் பெருவிரலைப் பதிந்து கொண்டனர். ஏன், எதற்கு, எவ்வளவு காலத்திற்கு என்று ஒரு தாளும் தரவில்லை. வீடு திரும்பிய மகன் கூறிய பிறகே தாய் அறிந்தார், வழக்குத் தொடுத்தார். 'சிறுவனுக்கு என்ன இழப்பு நேர்ந்தது? பணம் போயிற்றா? பெயர் கெட்டதா? இழப்பு இல்லாதபோது வழக்கு ஏது?' என்று நிறுவனம் வாதிட்டது. மேன்முறையீட்டு மன்றமும் அதற்குச் செவி சாய்த்தது. ஆனால் 2019 சனவரியில் இல்லினாய்சு உச்ச முறைமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளிற்று. உரிமை மீறப்பட்டதே இழப்புத்தான். வேறோர் இழப்பைக் காட்ட வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் ஆழத்தை உணர்வுடையீர் ஊன்றி நோக்குக! ஒருவன் உம் வீட்டிற்குள் இரவில் புகுந்து, எதையும் எடாமல், உம் பேழைத் திறவுகோலுக்கு மட்டும் மெழுகில் அச்செடுத்துக் கொண்டு போய்விடுகிறான். 'பொருள் எதுவும் போகவில்லையே, ஏன் கூச்சலிடுகிறாய்?' என்று கேட்பவனை அறிவுடையவன் என்போமா? களவு நிகழ்ந்த பிறகுதான் காவல் என்றால் அது காவலா?

அடுத்து, முகநூல் நிறுவனம். மக்கள் தம் உற்றார்க்குக் காட்ட இட்ட படங்களிலிருந்து, அவர்கள் இசைவின்றி முக அளவுகளை எடுத்து வைத்துக் கொண்டது என்று 2015 இல் இல்லினாய்சு மக்கள் வழக்கிட்டனர். நிறுவனம் இருப்பதோ கலிபோர்னியாவில். வழக்கு நடந்த மன்றமும் ஆங்கேதான். எனினும் செங்கோலோச்சியது இல்லினாய்சின் சட்டமே. முதலில் 55 கோடி தாலர் தர நிறுவனம் முன்வந்தது. அது போதாது என்றார் நடுவர். தொகை 65 கோடியாக உயர்ந்தது. 2021 இல் அதற்கு இறுதி ஒப்பம் கிடைத்தது. ஏறத்தாழ 16 இலக்கம் மக்கள் தம் பங்கைக் கேட்டுப் பதிந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே, முகத்தை அறியும் தன் ஏற்பாட்டை மூடிவிடுவதாகவும் நூறு கோடிக்கு மேற்பட்டோரின் முகப் பதிவுகளை அழித்துவிடுவதாகவும் முகநூல் அறிவித்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் மட்டுமே அதற்குக் கரணியம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அச்சட்டம் கொடுத்த அடி அதில் இல்லை என்று எவரும் கூறிவிடவும் முடியாது.

இணையத்தில் கிடந்த முகப்படங்களை நூற்றுக்கணக்கான கோடியளவில் வாரிக் குவித்து, அவற்றைத் தேடும் வசதியை விற்று வந்த 'கிளியர்வியூ' நிறுவனமும் இச்சட்டத்திற்கு முன் பணிந்தது. 2020 இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியமும், வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகள் உள்ளிட்டனவும் தொடுத்த வழக்கில், 2022 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்நிறுவனம் தன் முகத் தொகுப்பை அமெரிக்கா முழுமையிலும் பெரும்பாலான தனியார்க்கு விற்க முடியாதவாறு தடுக்கப்பட்டது. தன்னைத் துரத்தும் கொடியவன் கையில் தன் முகத்தைத் தேடித் தரும் பொறி இருந்தால் ஒரு பெண்ணின் நிலை என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்! அப்போது விளங்கும், இது பணக்கார நாட்டாரின் பொழுதுபோக்கு வழக்கன்று என்பது.

இனித்தான் முதலாளிகளின் ஓலம் தொடங்குகிறது. அந்நாட்டில் இச்சட்டத்தின்கீழ் வந்த வழக்குகளுள் மிகப் பல, தொழிலாளர் தொடுத்தவை. காலையில் வேலைக்கு வருகையில் விரல், மாலையில் போகையில் விரல், சம்பளச் சீட்டைப் பார்க்க விரல்! ஒருவனுக்காக மற்றொருவன் வருகையைப் பதிந்து விடுவானாம். ஆகவே விரல் வேண்டுமாம். வங்காளத்து எர்செலின் அதே ஐயம், அதே கை! 'ஒயிட் காசில்' என்னும் உணவக நிறுவனத்தின்மேல் வந்த வழக்கில், விரல் பதிந்த ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மீறலே என்று 2023 பிப்பிரவரியில் மாநில உச்ச முறைமன்றம் நால்வர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. 9,500 தொழிலாளரைக் கணக்கிட்டால் 1,700 கோடி தாலர்க்கு மேல் ஆகிவிடும், தொழிலே அழிந்துவிடும் என்று நிறுவனம் புலம்பியது. உலகத்து வணிக ஏடுகளெல்லாம் உடன் புலம்பின.

நிகழ்ந்தது என்ன? அவ்வழக்கு ஏறத்தாழ 94 இலக்கம் தாலரில் முடிந்தது! 1,700 கோடி எங்கே, 94 இலக்கம் எங்கே? பி.என்.எசு.எப் என்னும் இருப்புவழி நிறுவனத்தின்மேல் 45,600 சரக்குந்து ஓட்டுநர்க்காக நடந்த வழக்கில், 2022 இல் அறங்கூறு குழுவினரின் முடிவை ஒட்டி 22 கோடியே 80 இலக்கம் தாலர் தண்டப்பட்டது. பின்னர் அத்தொகை நீக்கப்பட்டு 7 கோடியே 50 இலக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. புலி வருகிறது, புலி வருகிறது என்றனர், வந்தது பூனைதான். அப்பூனைக்கும் அஞ்ச வேண்டாதிருக்க அவர்கள் செய்ய வேண்டியிருந்தது யாது? ஒரு தாளில் நான்கு வரி எழுதித் தொழிலாளியிடம் காட்டி ஒப்பம் பெறுவது! அவ்வளவே. ஒரு தாளுக்கு மனமில்லாதவன் கோடிக்கணக்கில் அழுகிறான் என்றால் அவ்வழுகைக்கு நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?

எனினும் புலம்பல் பயனளித்தே விட்டது. 2024 ஆகசுட்டு 2 ஆம் நாள் ஆளுநர் கையொப்பமிட்ட திருத்தத்தின்படி, ஒரே நிறுவனம் ஒருவரிடம் ஒரே முறையில் எத்தனை தடவை பதிந்தாலும் அவர் ஒருமுறைதான் இழப்பீடு பெறலாம். வாளின் கூர் மழுக்கப்பட்டது; ஆனால் வாள் பிடுங்கப்படவில்லை. வழக்கிடும் உரிமை மக்கள் கையிலேயே இருக்கிறது. அம்மட்டில் மகிழலாம், ஆனால் விழிப்பாய் இருத்தல் வேண்டும். ஏனெனில் இன்று கூர் மழுக்கியவர் நாளை கைப்பிடியையும் கேட்பர்.

இச்சட்டம் குறையற்றது என்று நாம் கூற வரவில்லை. மாநில அரசையும் ஊராட்சிகளையும் அவற்றுக்குப் பணிபுரியும் ஒப்பந்தக்காரரையும் இது கட்டுப்படுத்தாது. நடுவண் சட்டத்திற்கு உட்பட்ட வைப்பகங்களையும் விட்டுவிட்டது. வணிகனுக்குக் கடிவாளமிட்ட அரசு தன் வாயை மட்டும் திறந்தே வைத்துக் கொண்டது. உடன்பாட்டுத் தொகைகளில் வழக்கறிஞர்கள் கொழுத்த பங்கு பெறுவதும் உண்மையே. ஆனால் வேலியில் ஓட்டை உண்டு என்பவன் ஓட்டையை அடைக்கச் சொல்ல வேண்டுமேயன்றி வேலியையே பிடுங்கச் சொல்லல் ஆகாது. வேலியைப் பிடுங்கு என்பவன் பயிரைக் காக்க வந்தவன் அல்லன், மேய வந்தவன்!

இன்னும் ஒரு கூற்று உண்டு. மாநிலத்திற்கு ஒரு சட்டம் இருந்தால் வணிகத்திற்கு இடையூறாம். நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தை நடுவணரசே இயற்ற வேண்டுமாம். இல்லினாய்சு தன் சட்டத்தை 2008 இல் இயற்றியது. அதன் பிறகு எத்தனையோ ஆண்டுகள் உருண்டோடின. வரைவுகள் பல வந்தும், தனியார் மக்களின் மெய்யடையாளத்தைத் திரட்டுவதைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டம் ஒன்றை அமெரிக்கப் பேராயம் நிறைவேற்றித் தரவில்லை. பொதுச்சட்டம் வரட்டும் என்று இல்லினாய்சு கைகட்டிக் காத்திருந்தால் அச்சிறுவனின் விரலுக்கு யார் பொறுப்பேற்றிருப்பர்? ஒரே சட்டம் வேண்டும் என்பவர் பலரும் வேண்டுவது வலிவுள்ள ஒரே சட்டத்தை அன்று. வலிவுள்ளதை அழிக்கும் ஒரே சட்டத்தையே!

இது தொலைநாட்டுக் கதை, நமக்கென்ன என்று இருப்பார்க்கு ஒன்று கூறுவோம். வேலையிடத்தில் விரல் பதியும் தமிழர்க்கு இன்று அளிக்கப்பட்டிருப்பது 2023 ஆம் ஆண்டில் தில்லி இயற்றிய எண்ணியல் தனிமாந்தத் தரவுக் காப்புச் சட்டம். அதன்படி மீறும் நிறுவனத்திற்கு 250 கோடி உருபா வரை ஒறுப்பு விதிக்கலாம். ஆனால் அத்தொகை சேருமிடம் இந்தியத் தொகுநிதியம். உரிமை இயல் முறைமன்றத்தின் கதவு அடைக்கப்பட்டுள்ளது. முறையீடு தரவு வாரியத்திடமே செல்ல வேண்டும். கவனக்குறைவால் இழப்புற்றவர்க்கு நிறுவனமே ஈடு தர வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 43அ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வழிசெய்தது. இவையும் போதா என்று, பொய் முறையீடோ அற்ப முறையீடோ செய்தார் என்று கருதப்படும் குடிமகனுக்கே 10,000 உருபா வரை ஒறுப்பும் உண்டு! இல்லினாய்சில் மீறப்பட்டவன் கையில் வாள். இங்கே அவன் தலைக்குமேல் வாள்.

ஆகவே உணர்வுடையீர்! சட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள். அச்சட்டத்தின்கீழ் வழக்கிடுபவர் யார், ஈடு பெறுபவர் யார் என்று கேளுங்கள். அலுவலகத்திலோ கடையிலோ கல்லூரியிலோ ஒரு பொறி உங்கள் முன் நீட்டப்படும்போது, 'எதற்காக? எவ்வளவு காலம்? யாரிடம் இருக்கும்? எப்போது அழிப்பீர்? எழுதித் தருக!' என்று கேளுங்கள். அரசுக்கு வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம் என்பது உலக வழக்கு. விரலின் வரியைக் கொடுத்தவனும் கணக்குக் கேட்க வேண்டும். இல்லினாய்சின் உணவகத் தொழிலாளி கேட்டாள். கர்னியில் விரல் பதிந்த சிறுவனின் தாய் கேட்டாள். கேட்டதால்தான் உலகின் பெருநிறுவனங்கள் அவர்கள்முன் கைகட்டி நின்றன.

மெய்யைக் கொடுத்துவிட்டு மெய்ம்மையைத் தேடாதீர்! கேளாத உரிமை கிடையாத உரிமை, கேளுங்கள்!